செவுட்டு மிஷின்

விழுப்புரம் பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து போன மாதம் எனக்கு போன் வந்தது. சொந்தமாகக் கம்பெனி தொடங்க ஆசைப்படும் மாணவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். 'ஊழியர்களைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி?'

"சார், என் கம்பெனிய மூடியே ஒரு வருஷம் ஆகுது. அதுல வேலை பார்த்த பதினோரு பேரும் என்னை விட்டுட்டுப் போனவங்கதான்" என்றேன்.

"அதனால என்ன சார், அனுபவம்தானே முக்கியம்" என்றார் பேராசிரியர்.

மொட்டைத் தலையனைக் கூப்பிட்டு, முடி வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்ன கதைதான். முதலில் சிரிப்பு வந்தது. அவர் பேசிக்கொண்டே போகப் போக அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அந்தத் தேதியில் வெளியூரில் ஒரு கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. போயிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பதினோரு பேரைப் பற்றியும் பேச வேண்டியதில்லை, ஒருத்தியைப் பற்றிச் சொன்னாலே போதும் என்று தோன்றியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. எழுதுவதற்கு அவ்வளவு தைரியம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

திண்டிவனத்தில் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். இப்போது அங்கே டியூஷன் சென்டர் நடக்கிறது. சென்னையில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, 'சொந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்' என்று வாய் நிறையப் பேசிக்கொண்டு திரும்பி வந்தவன் நான். வீடு விழுப்புரத்தில், ஆபீஸ் திண்டிவனத்தில், நடுவில் தினமும் பஸ். திண்டிவனத்தில் வாடகை கம்மி என்பதுதான் நிஜமான காரணம். விவசாயிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

தொழில் இதுதான். விவசாயி ஒரு நம்பருக்கு போன் போடுவார். அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டார்கள், மிஷின்தான் எடுக்கும். 'எந்தப் பொருளின் விலை வேண்டும்?' என்று கேட்கும். அவர் வாயைத் திறந்து சொன்னால் போதும். அன்றைக்குக் கமிட்டியில், அதாவது அரசாங்கத்து விற்பனைக் கூடத்தில், அந்தச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்று மிஷின் சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், விலை உயர்ந்த போனும் வேண்டாம். மூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே விலை தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன். யோசனையில் ஒரு குறையும் இல்லை.

நான் சொல்ல வந்த அந்த ஒருத்தி கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் ஒரு கிராமத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போகிறவர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கம்ப்யூட்டர் படித்து டிகிரி வாங்கிய முதல் பெண் அவள். இன்டர்வியூவுக்கு வந்தபோது, எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நேத்து உங்க நம்பருக்கு போன் போட்டுப் பாத்தேன் சார்" என்றாள். வந்த இருபது பேரில் அதைச் செய்தவள் அவள் ஒருத்திதான். அங்கேயே வேலை கொடுத்துவிட்டேன்.

அவளுக்குத் தெளிவான குரல். வாடகைக்கு ஆள் பிடித்துப் பேச வைத்திருந்த பழைய குரலை எடுத்துவிட்டு, மிஷினின் கேள்வி பதில் எல்லாவற்றையும் அவள் குரலிலேயே பதிவு செய்தோம். எந்த ஊரிலிருந்து யார் போன் போட்டாலும் அவள்தான் பேசுவாள். அதைத் தவிர அவளுக்குத் தினசரி வேலை ஒன்று இருந்தது. மிஷினுக்குப் புரியாமல் போன அழைப்புகளைக் காலையில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஏன் புரியவில்லை என்று எழுத வேண்டும். ஆபீசில் அதற்கு 'ஃபெயில் கால்' என்று பெயர். வண்டிச் சத்தம், ஆடு மாடு சத்தம், குழந்தை அழுகை, அதற்கு நடுவில் ஒரு மனிதக் குரல். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். பார்ப்பவர்களுக்குத் தூங்குவது போல இருக்கும்.

சேர்ந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், ஃபெயில் கால் எல்லாம் கேட்டேன். முக்கால்வாசிப் பேரு மல்லாட்டைன்னுதான் கேக்குறாங்க. நம்ம மிஷினுக்கு நிலக்கடலை, வேர்க்கடலை ரெண்டும்தான் தெரியுது."

"அது கொச்சைம்மா. நாம தரமா ஒண்ணு பண்ணிட்டிருக்கோம். நாளைக்குத் தமிழ்நாடு பூரா போகப்போகுது. ஜனங்க பழகிக்குவாங்க."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டிலும் மல்லாட்டைதான். என் அம்மா இன்றைக்கும் வேறு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பதினெட்டு வயதில் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றபடி, "அண்ணே, மல்லாட்டைச் சட்னி கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். எனக்குப் பின்னால் நின்றவன் சிரித்தான், அவன் பின்னால் நின்றவன் சிரித்தான், கடைசியில் கரண்டியைப் பிடித்திருந்தவரும் சிரித்தார். நாலு வருஷம் எனக்கு அங்கே பெயர் 'மல்லாட்டை'. டிகிரி வாங்க மேடையேறியபோதும் கூட்டத்திலிருந்து ஒருவன் அப்படித்தான் கத்தினான். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தின்றால்கூட 'வேர்க்கடலை ஒரு பொட்டலம்' என்பேன். விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுப்பார். இப்படி வெட்கப்பட்ட ஒருவன், தன் ஜனங்களின் பேச்சைப் புரிந்துகொள்ள மிஷின் செய்யக் கிளம்பினால் அது எப்படி இருக்கும்? நான் செய்தது போலத்தான் இருக்கும்.

அவள் விடவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஃபெயில் காலைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள். ஒரு பெரியவர் பேசுகிறார்.

"மல்லாட்டை இன்னா வெலம்மா?"

'மன்னிக்கவும். நீங்கள் சொன்னது புரியவில்லை. மீண்டும் சொல்லவும்' என்கிறது மிஷின், அவள் குரலில்.

"மல்லாட்டைம்மா."

'மன்னிக்கவும். நீங்கள் சொன்னது புரியவில்லை. மீண்டும் சொல்லவும்.'

"ம...ல்லா...ட்டை! ஏம்மா, நல்லாத்தானே பேசற, காது கேக்காதா ஒனக்கு?" என்றவர், பக்கத்தில் இருந்த யாரிடமோ, "இது செவுட்டு மிஷினுடா. இதுங்கிட்ட போயி கத்திக்கினு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார்.

ஆபீசே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் 'செவுட்டு மிஷின்' என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

"குரலு என்னுதுதானே சார். அவரு என்னியதான் திட்டுறாரு" என்றாள் அவளும் சிரித்தபடி. பிறகு, "கேப்பையும் அப்பிடித்தான் சார். கேழ்வரகுன்னு யாருமே சொல்றதில்ல" என்றாள்.

"பார்க்கலாம்மா" என்றேன். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

இதற்கிடையில் ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் சென்னைக்குப் போனான். ஒரு பெண் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்றுகொண்டாள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, துபாயில் மாமா கடை இருக்கிறது என்று போனான். எல்லோரும் சம்பளத்துக்காகவே போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்களை இழுத்துப் பிடித்துவைக்க என்ன செய்யலாம் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீஷர்ட் அடித்துக் கொடுத்தேன். கேரம் போர்டு வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமை பிரியாணி. ஆபீசில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை கவிச்சி சாப்பிடாதவர்கள் என்பது மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. சுவரில், 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். ஆணி அடித்த இடத்தில் காரை பெயர்ந்து விழுந்ததுதான் மிச்சம்.

அந்தக் குடும்பத்தின் மாதாந்திரக் கூட்டம் ஒன்றில், அவள் தன் அறிக்கையில் மல்லாட்டை என்ற வார்த்தையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு வேறு எரிச்சல் ஏதோ இருந்தது. நாலு பேர் எதிரில் சொன்னேன்: "கேக்குறது உன் வேலை. முடிவெடுக்குறது என் வேலை."

அவள் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் என்னிடம் எடுக்கவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒருவர் வேலையை விடுகிற நாளும் ராஜினாமா கொடுக்கிற நாளும் ஒன்றல்ல. பேசிக்கொண்டிருந்த ஆள் பேச்சை நிறுத்துகிற நாள்தான் முதல் நாள். கடிதம் அப்புறம் எப்போதாவது, எழுத நேரம் கிடைக்கும்போது வரும்.

அவள் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்த சமயம், எங்களுக்குப் பணம் போட்டவர் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பினார். பயன்படுத்துகிறவர்கள் ஏன் கூடவில்லை என்று பார்க்கச் சொல்லி. மனிதர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பசிக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டே மாடியேறி வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது.

"இதை இங்க மல்லாட்டைன்னு விக்கிறாங்களே, அழகா இருக்கு! உங்க சிஸ்டத்துல இந்த வார்த்தை இருக்கா?"

நான் மேசையைத் தட்டினேன். "பிரமாதம் சார்! வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தான் இதெல்லாம் கண்ணுல படுது!"

நடிக்கவில்லை. நிஜமாகவே அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பது போல இருந்தது எனக்கு. என்னைப் பார்த்துச் சிரித்த அந்த ஊரிலிருந்தே ஒருவர் வந்து, அந்த வார்த்தை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் அல்லவா? இருபது வருஷத்துக் காயத்துக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், இதையே சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஒருத்தி சொல்லிப் பார்த்தாள் என்பது நினைவுக்கே வரவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்த அம்பலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான் என்று அப்போது தெரியவில்லை.

மாலை கேக் வாங்கி வரச் சொன்னேன். அவள்தான் துண்டு போட்டு, காகிதத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பிறகு ஆலோசகரை நடுவில் நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அவள் அதில் இல்லை, படம் எடுத்தவள் அவள்.

மிஷினுக்குப் புது வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், பல பேர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்க வைக்க வேண்டும். ஆலோசகர் சொன்னபடி சென்னையில் ஒரு குழுவிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்து அனுப்பினார்கள். செய்தி வாசிப்பது போல, சுத்தமாக, 'மல்லாட்டை'. சரிபார்க்கச் சொல்லி அவளிடம்தான் கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒலி நல்லா இருக்கு சார்" என்று எழுதிக் கொடுத்தாள். வயலில் நின்று பேசும் குரலுக்கு மிஷின் முன்பு போலவே முழித்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் ஒரு கவரோடு வந்தாள்.

"என்னம்மா இது?"

"நின்னுக்கறேன் சார்."

"சம்பளமா? ஏத்தித் தர்றேன். எவ்வளவுன்னு சொல்லு."

"அதெல்லாம் இல்ல சார்."

"எங்க போற?"

"முண்டியம்பாக்கத்துல சார். ஆஸ்பத்திரிக்கு எதுர்ல ஒரு மெடிக்கல்ல பில்லு போடுற வேல."

"அங்க இதைவிடக் கம்மியாத்தானே குடுப்பாங்க?"

"ஆமா சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகச் சம்பளத்துக்குப் போகிறவர்களை மன்னித்துவிடலாம். குறைந்த சம்பளத்துக்குப் போகிறவளை என்ன செய்வது? அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"என் வீட்டுப் பொண்ணு மாதிரிதானேம்மா உன்னை வச்சிருந்தேன்?"

"அதான் சார்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "வீட்டுல பொண்ணு பேச்ச யாரு சார் கேக்குறாங்க?"

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. மழை வர்ற மாதிரி இருக்கு என்பதைப் போலச் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு நான் சிரிக்கக்கூடச் செய்தேன். கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் பதிவில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மற்றவர்களுக்கு எழுதியதையே அவளுக்கும் எழுதினேன். 'சொந்தக் காரணம்.'

அதற்குப் பிறகு நாலு மாதத்தில் நாலு பேர் போனார்கள். மிச்சம் இருந்தது மூன்று பேர். போனவர்கள், இருந்தவர்கள் எல்லோருமே ஏதாவது தேவை என்றால் என்னிடம் வராமல் அவளிடம்தான் போயிருக்கிறார்கள், அவள்தான் சமாதானம் சொல்லி உட்கார வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலாவதாகப் போன பெண்ணிடம், உனக்கு ஏதாவது குறை இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அக்கா சொல்லியே நடக்கல. நாங்க சொல்லி இன்னா சார் ஆவப்போவுது?" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. தினமும் நிற்கிற இடம்தான். சாயங்காலம் அவளும் இதே பஸ்ஸில் வந்து இங்கேதான் இறங்குவாள். 'வர்றேன் சார்' என்று ஜன்னலுக்கு வெளியில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். ஒரு நாளாவது நிமிர்ந்து, 'போயிட்டு வாம்மா' என்று சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லையென்றால் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

பணம் போட்டவர் இதற்கு மேல் மூன்று மாதம்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அவளைத் திருப்பிக் கூட்டி வந்தால் கம்பெனி பிழைத்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளிடம் போனில்கூடச் சொல்லாமல், கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனேன்.

அவள் அம்மாதான் வாசலில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் பதறிப்போய், பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டார். நீங்களும் உட்காருங்கம்மா என்றேன். "இருக்கட்டும் சார்" என்று நின்றுகொண்டே இருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். "வாங்க சார்" என்றாள். சின்ன வயது மகள் போலவும் தெரிந்தாள், எனக்கு மேலே இருக்கும் ஒரு அதிகாரி போலவும் தெரிந்தாள். ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டை வந்தது.

"சாப்புடுங்க சார், நேத்து புடுங்குனது" என்ற அம்மா, நான் ஒன்றை உரித்து வாயில் போடுவதற்குள் கேட்டார்: "எங்க கொரலெல்லாம் இப்ப போன்ல இருக்குதா சார்?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் குரல் என்று கேட்டேன்.

"இதுதான் சார்" என்று மகளைக் காட்டினார். "வேலைக்கிச் சேந்த புதுசுல. நாங்க கொல்லியில மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கோம், இது போன எடுத்துக்கினு வந்து நிக்கிது. மல்லாட்டைன்னு சொல்லு, கேப்பைன்னு சொல்லு, கிட்ட நின்னு சொல்லு, தூர நின்னு சொல்லுன்னு ஒரே பேஜாரு. நெலத்துக்காரரு வேலைய உட்டுட்டு இன்னா பேச்சுன்னு கத்தறாரு. ஜல்தியா சொல்லுங்க, எங்க சாரு கேப்பாருன்னு இது எங்களப் போட்டு வெரட்டுது. ஊரு பொம்பளைங்க ஒருத்திய உடல சார்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "கேட்டீங்களா சார்?"

அவள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேம்மா" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துது."

அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "இன்னாடி, நம்ம பேச்சக் கேட்டாராம்டி!" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

ரோடு வரைக்கும் அவள் கூடவே வந்தாள். பஸ்ஸுக்கு நின்றோம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கல சார்."

"எங்க இருக்கு அதெல்லாம்?"

"நான் ஒக்காந்த கம்ப்யூட்டர்லதான் சார். டி டிரைவ்ல."

"திரும்பி வந்துடும்மா."

"இல்ல சார். அங்க செட் ஆயிடுச்சி."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்து மூன்று வயதுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது அவள் சொன்னாள்: "கேட்டேன்னு அம்மாகிட்ட சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்." அதில் கொஞ்சம் நையாண்டி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மனசாரத்தான் சொன்னாள்.

விழுப்புரம் போக வேண்டியவன் திண்டிவனத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெயிண்ட் கடை மூடியிருந்தது. மாடியேறிக் கதவைத் திறந்து, அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டி டிரைவில் எல்லாவற்றுக்கும் மேலே, தமிழில் பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் இருந்தது. 'சார் கேட்டா'.

அவளுடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். நூற்றுக்கும் மேலே குரல்கள். கிழவிகள், புதுப்பெண்கள், மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள், வெற்றிலை போட்ட வாயால் பேசுகிறவர்கள். காற்றின் இரைச்சல், எங்கேயோ ஓடும் மோட்டார், செடியைத் தட்டும் சத்தம். மல்லாட்டை, மல்லாட்டை, மல்லாட்டை. ஒவ்வொரு குரலுக்கும் ஊர், வயது, எவ்வளவு தூரத்தில் நின்று பேசினார்கள் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாள். எங்கள் மிஷினுக்குத் தேவையானதெல்லாம், ஒன்று குறையாமல், என் மேசைக்கு மூன்று மேசை தள்ளியே இருந்திருக்கிறது. இனி அதை மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்ற, மிச்சமிருந்த ஆளும் போதாது, நாளும் போதாது. கேட்டுக்கொண்டே இருந்தேன். என் அம்மா பேசுவது போலவே ஒரு குரல் வந்தபோது அழுதுவிட்டேன்.

கடைசிப் பதிவில் அவள் போனை நிறுத்த மறந்திருக்கிறாள். வேலை முடிந்து பெண்கள் கிளம்பும் சத்தம் கேட்கிறது. அவள் அம்மாவின் குரல் கிட்டத்தில் வருகிறது.

"இம்மாம் பேரு தொண்ட கிழிய கத்திக்கினு கெடக்கறோம். உங்க சாரு நெஜமா கேப்பாராடி?"

"கேப்பாரும்மா. நல்லவரு."

அந்தப் பதிவின் தேதியைப் பார்த்தேன். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அவள் என்னிடம் வேலை பார்த்தாள்.